நடுமலை மறியல்

வியாழக்கிழமை சாயங்காலம் பிரவுசிங் சென்டரிலிருந்து வந்த தமிழ்மதிக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே ஆறிப்போனது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் எதுவும் இல்லை.

“என்னடி, பள்ளிக்கூடத்துல யாரும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்லம்மா. பெருமாயி கோட்டையை எரிக்கப் போறாங்க.”

அம்மா கையிலிருந்த கரண்டி பாதியில் நின்றது. “எரிக்கப் போறாங்களா! யாரு? அவங்க ஒட்டன்சத்திரத்துல இருக்கிறதே வாடகை வீடு. அவளுக்கு ஏதுடி கோட்டை?”

“கம்ப்யூட்டர்ல இருக்குற கோட்டைம்மா.”

“அடிப்போடி! ஒரு நிமிசம் உசுரே போயிருச்சு.” அம்மா சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினார்.

தம்பி பாலமுருகனும் சிரித்தான். யார் சிரித்தாலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். தமிழ்மதிக்கு மட்டும் அழுகை வந்தது.

பெருமாயியும் அவளும் கொடைக்கானலில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். போன வருடம் பெருமாயியின் அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. குடும்பமே மலையிறங்கிப் போய்விட்டது. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. தோழிகள் சந்தித்துக்கொள்ள மிச்சமிருந்தது ஒரே இடம். அதன் பெயர் ‘மண்கோட்டை’.

அது இன்டர்நெட்டில் விளையாடும் விளையாட்டு. ஆளுக்கொரு கோட்டை. வயல் போடலாம், மதில் கட்டலாம், படை சேர்க்கலாம், அடுத்த கோட்டைக்குக் கடிதம் எழுதலாம். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா என்று எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே வரைபடத்தில் அக்கம்பக்கத்தில் குடியிருப்பார்கள்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் ஆட்டம் நிற்காது. நீங்கள் வகுப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் எவனோ ஒருவனுடைய படை உங்கள் கோட்டையை நோக்கி நடந்து வந்துகொண்டிருக்கும்.

பெருமாயியின் கோட்டையில் ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. “வெட்டுக்குத்தெல்லாம் எனக்கு ஆகாதுப்பா” என்று சொல்லிவிட்டாள். எங்கே பார்த்தாலும் வயல்தான். சனிக்கிழமை வெள்ளனே வந்து விதைப்பாள், அன்று சாயங்காலமே வந்து அறுப்பாள். மற்ற நாட்களில் வரமாட்டாள். வரும்போதெல்லாம் தமிழ்மதிக்கு ஒரு கடிதம் எழுதாமல் போகவும் மாட்டாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த விளையாட்டில், அதை நடத்தும் கம்பெனிக்காரர்கள் மண்ணைப் போட்டார்கள். ‘மாதக் கடைசியோடு பழைய வெர்ஷன் மூடப்படும். எல்லோரும் புது வெர்ஷனுக்கு மாறியே ஆக வேண்டும்’ என்று அறிவித்துவிட்டார்கள்.

புது வெர்ஷனில் எல்லாமே அசையும். குதிரை ஓடும், கொடி பறக்கும். ஆனால் அதற்குப் புதுக் கம்ப்யூட்டரும் வேகமான இன்டர்நெட்டும் வேண்டும். தமிழ்மதி வழக்கமாகப் போகும் பிரவுசிங் சென்டரில் லீலா அக்கா அதைப் போட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் காத்திருந்ததற்குக் குதிரையின் வால் மட்டும் வந்தது.

“இந்த சிஸ்டத்துல சான்ஸே இல்ல மதி. ஒட்டன்சத்திரத்துலயும் இதே கதையாத்தான் இருக்கும்” என்றார் லீலா அக்கா.

விளையாடுகிறவர்கள் எல்லோரும் கொதித்துப் போனார்கள். அவர்களில் பெரிய கோட்டைக்காரரின் பெயர் ராஜாளி. அவர் யார், எந்த ஊர், யாருக்கும் தெரியாது. எல்லோரும் படிக்கும் பொதுப் பலகையில் அவர்தான் எழுதினார்:

‘வெள்ளி, சனி, ஞாயிறு யாரும் உள்ளே வரக்கூடாது. உலகமே காலியாகக் கிடக்கட்டும். மீறி வருகிறவன் துரோகி. அவன் கோட்டையை எரித்துவிடுவோம்.’

அதைப் படித்ததும் தமிழ்மதி கை தட்டினாள். தட்டிய கை அப்படியே நின்றது. பெருமாயி சனிக்கிழமை வருவாளே! பொதுப் பலகைப் பக்கமே போகமாட்டாளே, அவளுக்கு இது எதுவும் தெரியாதே!

எரிந்த கோட்டை எரிந்ததுதான். அதோடு கடிதங்களும் போய்விடும். பழைய வெர்ஷனில் புதிதாக யாரையும் சேர்ப்பதையும் கம்பெனி நிறுத்திவிட்டது. கோட்டை போனால் பெருமாயியும் போய்விடுவாள்.

கடிதம் எழுதிவைத்தாலும் உள்ளே வந்தால்தான் அவளால் படிக்க முடியும். லோடு வண்டியில் போகும் தன் அப்பாவிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், அவர் கிளாவரையில் பூண்டு லோடு ஏற்றப் போயிருந்தார். அங்கே செல்போனுக்கு சிக்னல் எடுக்காது. “ஒட்டன்சத்திரத்துல இருக்குற சென்டருக்கு போன் பண்ணலாமாக்கா?” என்று லீலா அக்காவிடம் கேட்டாள்.

“எந்த சென்டர்னு பண்ண? பேரு தெரியுமா?”

தெரியாது. வெள்ளிக்கிழமை முழுக்க அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். டீச்சர் நோட்டில் சிவப்புக் கோடு போட்டபோதுகூடத் திடுக்கிட்டாள். விளையாட்டில் படை கிளம்பினால் வரைபடத்தில் சிவப்புக் கோடுதான் தெரியும்.

சனிக்கிழமை காலை தெரு முழுக்கப் பனிமூட்டம். எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. தமிழ்மதி தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லீலா அக்கா ஷட்டரைத் தூக்கும் முன்பே போய் நின்றாள்.

உள்ளே நுழையாமலே வரைபடத்தையும் பொதுப் பலகையையும் மட்டும் பார்க்கலாம். யாராவது உள்ளே இருந்தால் அவர்கள் கோட்டையில் ஒரு விளக்கு எரியும். அன்று ஒரு விளக்குகூட இல்லை. அவ்வளவு பெரிய உலகம் இருண்டு கிடந்தது.

திடீரென்று தெற்கு மூலையில் ஒரு விளக்கு எரிந்தது. பெருமாயி!

“அக்கா, வெரசா உள்ள போய்ச் சொல்லு!” என்றான் பாலமுருகன்.

தமிழ்மதியின் கை மவுஸ்மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை. உள்ளே போனால் அவளுடைய விளக்கும் எரியும். அவளும் துரோகி ஆகிவிடுவாள். ஒரு வருடமாகக் கட்டிய மதில், குதிரை லாயம், எல்லாம் போய்விடும். போகலாமா, வேண்டாமா, போகலாமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் பெருமாயி விதைத்து முடித்துவிட்டாள். விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் வேறொரு கோட்டையில் விளக்கு எரிந்து, முதல் சிவப்புக் கோடு வந்தது. பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு பக்கத்திலிருந்தும் கோடுகள் பெருமாயியின் கோட்டையை நோக்கி நீண்டன. மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

“அக்கா, யாருமே உள்ள வரக்கூடாதுன்னா, இவங்க மட்டும் உள்ள வந்து படையெல்லாம் அனுப்பலாமா?”

தமிழ்மதி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தாலும் அவன் கேட்டதில் ஞாயம் இருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு மவுஸை அழுத்தினாள். அவளுடைய கோட்டையில் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, பொதுப் பலகையில் அடித்தாள்:

‘நான் தமிழ்மதி. ஆறாம் வகுப்பு. நான் துரோகி இல்லை. பெருமாயியும் துரோகி இல்லை, அவளுக்கு விஷயமே தெரியாது. நமக்குள்ளயே எரிச்சுக்கிட்டா கம்பெனிக்கு என்ன நஷ்டம்? உலகம் காலியா கெடந்தா லீவுல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்கன்னு நெனைப்பாங்க.

எங்க தெருவுல தண்ணி வராதப்ப எல்லாரும் காலிக்குடத்தோட ரோட்டுல உக்காந்தோம். வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியும்? அப்பக்கூட பால் வண்டி வந்ததும் எங்கம்மா எந்திரிச்சுக் குடத்தை நகட்டி வழி விட்டாங்க. பால்காரர் மேல எங்களுக்கு என்ன கோவம்? அதே மாதிரி எல்லாரும் படையோட நடுமலைக்கு வாங்க. கறுப்புக்கொடியோட உக்காருவோம். பெருமாயியை விட்டுருங்க.’

நடுமலை என்பது வரைபடத்தின் நட்டநடுவில் இருக்கும் மொட்டை மலை. அதில் கம்பெனியின் கொடி பறக்கும். யார் விளையாட்டைத் திறந்தாலும் முதலில் தெரிவது அந்த மலைதான்.

அனுப்பிவிட்டு வரைபடத்தைப் பார்த்தாள். புதிதாக ஒரு சிவப்புக் கோடு கிளம்பியிருந்தது. அது அவளுடைய கோட்டையை நோக்கி வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

“ஐயோ அக்கா!” என்று கத்தினாள் தமிழ்மதி.

“யுபிஎஸ் டெட் ஆகி ரெண்டு வாரமாச்சும்மா. நான் என்ன பண்ணுவேன்?” இருட்டுக்குள்ளிருந்து லீலா அக்காவின் குரல் வந்தது.

திரை கறுத்துக் கிடந்தது. ஆனால் அதற்குள்ளே படைகள் நடந்துகொண்டுதான் இருக்கும். கரண்ட் இல்லையென்று அவை நிற்கப் போவதில்லை. இப்போது எங்கே வந்திருக்கும்? ஆற்றைத் தாண்டியிருக்குமா? தமிழ்மதி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பனி கதவு வழியாக உள்ளே வந்தது. பாலமுருகன் நகர்ந்து நகர்ந்து அவளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

“அக்கா, கோட்டை எரியுறப்ப பெருமாயி அக்காவுக்குச் சுடுமா?”

“சும்மா இருடா!” என்றாள். பிறகு அவளும் அழுதுவிட்டாள்.

கரண்ட் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் உறுமி, கனைத்து, ஒருவழியாக எழுந்தது. தமிழ்மதி விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

பெருமாயியின் கோட்டை அப்படியே இருந்தது. அவளுடையதும் இருந்தது. எல்லாச் சிவப்புக் கோடுகளும் பாதி வழியில் வளைந்து, நடுமலைப் பக்கம் திரும்பியிருந்தன. உலகம் முழுக்க விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. பொதுப் பலகையில் ராஜாளி எழுதியிருந்தார்: ‘அந்தப் புள்ள சொல்றது சரி. எல்லாரும் நடுமலைக்கு வாங்க.’

“ஏலே, பாத்தியாடா!” என்று லீலா அக்கா பாலமுருகனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவனுக்கு இருமலே வந்துவிட்டது.

மூன்று மணிக்குள் நடுமலை தெரியவே இல்லை. மலையைச் சுற்றி அத்தனை படைகள், அத்தனை கறுப்புக்கொடிகள். கூட்டம் தாங்காமல் விளையாட்டே நத்தைபோல நகர்ந்தது. ‘என்ன நடக்கிறது?’ என்று கம்பெனியிலிருந்து யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். பதிலாக அவருக்கு ஆயிரம் கறுப்புக்கொடி கிடைத்தது.

இத்தோடு முடிந்தது என்று தமிழ்மதி மூச்சுவிட்டாள். அப்போதுதான் படைகளின் மேல் ஒரு சின்னக் கிண்ணம் முளைத்தது. காலிக் கிண்ணம்.

ஐயோ! சோறு!

படைக்குத் தினமும் தானியம் வேண்டும். மொட்டை மலையில் தானியம் ஏது? தெருவில் குடத்தோடு உட்கார்ந்த அன்று யாரோ ஒருவர் தூக்குவாளியில் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அது யார் என்றுகூட அவள் கவனிக்கவில்லை. இங்கே வந்திருப்பவர்கள் எல்லோரும் வீரர்கள். வாள் வைத்திருந்தார்கள், யானை வைத்திருந்தார்கள். வயல் போட்டவர் யாரும் இல்லை.

‘என் குதிரையெல்லாம் சாகுது! யாருய்யா இந்த ஐடியா குடுத்தது?’ என்று ஒருவர் எழுதினார்.

‘ஏதோ ஒரு ஆறாம் கிளாஸ்!’ என்றார் இன்னொருவர்.

பிறகு ராஜாளி எழுதினார்: ‘இருட்டுறதுக்குள்ள சோறு வரலைன்னா என் படை திரும்பிடும். போற வழியில அந்தத் தெற்குக் கோட்டையிலதான் கொள்ளையடிச்சுச் சாப்பிடணும்.’

தெற்குக் கோட்டை என்றால் பெருமாயி! தமிழ்மதி தன்னிடமிருந்த தானியத்தை எல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பினாள். அது முதல் வரிசைக்குக்கூடப் பத்தவில்லை. ஓரத்தில் இருந்த படைகள் ஒன்றிரண்டு கலைய ஆரம்பித்தன. வெளியே தெருவிளக்கு எரிந்துவிட்டது.

“வீட்டுக்குப் போகலையா மதி? அம்மா தேடுவாங்க” என்றார் லீலா அக்கா.

“அஞ்சு நிமிசம்க்கா.”

தெற்கு மூலையில் விளக்கு எரிந்தது. பெருமாயி அறுவடைக்கு வந்துவிட்டாள். தமிழ்மதி அவசரமாகக் கடிதம் அடிக்கத் தொடங்கினாள். ‘பெருமாயி, ஓடிப்போ, உன்னை...’

அடித்து முடிக்கவில்லை. அந்தக் கோட்டையிலிருந்து ஒரு பச்சைக் கோடு கிளம்பியது. பச்சை என்றால் தானிய வண்டி. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் வந்தன. ஒரு வருட அறுவடை முழுவதும் நடுமலைக்கு வந்துகொண்டிருந்தது. கிண்ணங்கள் வரிசையாக நிரம்பின. கலைந்த படைகள் திரும்பி வந்து உட்கார்ந்தன.

‘யாரு இது? யாரு அனுப்புறது?’ என்று கேட்டார் ராஜாளி.

தமிழ்மதி நிமிர்ந்து உட்கார்ந்து அடித்தாள்: ‘காலையில நீங்க எரிக்கப் போனீங்களே, அவதான்.’

ராஜாளியின் படை திரும்பிப் போகாமல் மலையிலேயே உட்கார்ந்தது.

மறியல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடந்தது. திங்கட்கிழமை கம்பெனியின் புது அறிவிப்பு வந்தது. ‘விருப்பமுள்ளவர்கள் புது வெர்ஷனுக்குப் போகலாம். பழைய உலகம் பழையபடியே இருக்கும்.’ லீலா அக்கா அன்று பாலமுருகனுக்கும் அவளுக்கும் சூடாகப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை வெள்ளனே தெற்கு மூலையில் விளக்கு எரிந்தது. தமிழ்மதி நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் எழுதி அனுப்பினாள். பதில் உடனே வரவில்லை. பெருமாயி பயந்துவிட்டாளோ, கோபித்துக்கொண்டாளோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பதில் வந்தது.

‘என்னை எரிக்க வந்தவங்களா அவங்க? எனக்கு ஒண்ணுமே தெரியாதுடி! பாவம், இவ்வளவு பேரு பசியோட உக்காந்திருக்காங்களேன்னுதான் அனுப்புனேன். அது கெடக்கட்டும். எல்லாருக்கும் பத்துச்சா?’

தமிழ்மதிக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. என்னவென்று தெரியாமலே பாலமுருகனும் சிரித்தான்.

‘பத்துச்சு. ராஜாளி மட்டும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு’ என்று பதில் எழுதினாள் தமிழ்மதி.