மூலைப் பாத்தியில் வளர்ந்தது

அப்பாவின் நீலச் சட்டையில் வெள்ளை பூக்கவில்லை.

உப்பளத்திலிருந்து வந்ததும் கழற்றிக் கொடியில் போட்ட சட்டை அது. இன்னும் அலசவில்லை. உப்பு வாருகிற ஆளின் சட்டை எப்படிக் காயும் என்று மரக்காணத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதுகில் ஒரு தேசப்படம், அக்குளில் இரண்டு பிறை, காலரைச் சுற்றி ஒரு கரை, எல்லாம் வியர்வை காய்ந்து விட்டுப்போன உப்பு. வினோதினி சின்ன வயதில் அந்தப் படங்களுக்கெல்லாம் பேர் வைத்து விளையாடியவள். இன்றைக்குச் சித்திரை வெயில் துணியை மொரமொரவென்று காய வைத்திருந்தது, ஆனால் சட்டை கடையிலிருந்து அப்போதுதான் பிரித்தது போல ஒரே நீலமாக இருந்தது. எடுத்து முகர்ந்தாள். பீடி வாடை அடித்தது. வியர்வை வாடை மட்டும் இல்லை.

உள்ளே அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா பூங்குழலி, குழம்புல உப்பே போடலியா?”

“ரெண்டாவது வாட்டியும் போட்டுட்டேன். எங்களால வாயில வெக்க முடியல,” என்றாள் அம்மா.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சும்மாவா சொன்னாங்க,” என்று சிரித்த அப்பா சுப்ராயன், உப்பு ஜாடியை இழுத்து ஒரு கை அள்ளிச் சோற்றில் போட்டுப் பிசைந்தார். கல் உப்பு அவர் பல்லில் நெறுநெறுவென்று அரைபடுகிற சத்தம் கொடிக்கம்பிவரை கேட்டது. அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

வினோதினி புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு வேதியியல் படிக்கிறாள். பயம் வந்தால் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவளை, பயம் வந்தால் சோதித்துப் பார்க்கிறவளாக அந்தப் படிப்பு மாற்றி வைத்திருந்தது. மறுநாள் சட்டையைக் கவரில் சுருட்டிக்கொண்டு லேபுக்குப் போனாள். காலரைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, அந்த நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, மேலே சில்வர் நைட்ரேட் விட்டாள். உப்பு எள்ளளவு இருந்தாலும் போதும், தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு விழும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வரி அது.

குழாய் தெளிவாக இருந்தது.

“இன்னாடி, வெறும் டிஸ்டில்டு வாட்டர ஊத்திட்டியா?” என்றாள் ஹசீனா. கோட்டக்குப்பத்துப் பெண், ப்ராஜெக்டில் இவளுக்குக் கூட்டாளி.

வினோதினி வடிதாளால் தன் நெற்றியைத் துடைத்து, அதை நீரில் அலசி, அதே பாட்டிலிலிருந்து விட்டாள். சொட்டு விழுந்த இடத்திலேயே வெள்ளை திரண்டது.

“ஆங், மனுஷங்களோடதுன்னா இப்படித்தான் இருக்கும்,” என்று ஹசீனா சட்டையைப் புரட்டிப் பார்த்தாள். “இது யாரோடது?”

“கடைச் சட்டை,” என்று வினோதினி பொய் சொன்னாள்.

அப்போதுதான் அவளுக்கு ப்ராஜெக்ட் நினைவுக்கு வந்தது. உப்பளத்து நீரிலிருந்து ஒரு பெரிய ஒற்றைப் படிகம் வளர்க்க வேண்டும் என்று ஜெயப்ரியா மேடம் தலைப்பு கொடுத்திருந்தார். செய்முறை சுலபம். ஒரு சின்ன உப்புக்கல்லை விதையாக நூலில் கட்டி, இனி ஒரு சிட்டிகை உப்பும் கரையாது என்ற அளவுக்குத் தெவிட்டிய நீரில் தொங்கவிட்டு, அசைக்காமல் விட்டுவிட வேண்டும். நீரில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வந்து விதைமேல் படியும். விதை என்ன வடிவமோ அந்த வடிவமே பெரிதாகும்.

விஷயம் தெரிந்ததும் அப்பா தலைகால் புரியாமல் ஆடினார். “நாம தெனம் பண்றத இதுங்க மூணு வருசம் காலேஜ்ல படிக்குதுங்களாம்டா!” என்று உப்பளம் பூராவும் சொல்லிச் சிரித்தார். தன் வரிசையில் கடைசியாக இருந்த மூலைப் பாத்தியை உப்பு வாரும் பலகை போட்டுக் கலைக்காமல் மகளுக்கென்று விட்டுவைத்தார். பாத்தியின் ஓரத்துக் குழியில் நீர் முழங்கால் ஆழத்துக்கு நின்றது. குறுக்கே ஒரு கழியை வைத்தார்கள். விதைக்கல்லைப் பொறுக்கினார்கள். நூலை மட்டும் வினோதினி வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள்.

அப்பா கைலியைத் தளர்த்தி, இடுப்பிலிருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றைப் பிளேடால் அறுத்து நீட்டினார்.

பக்கத்துப் பாத்திக்காரர் பலகையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். “ஏம்பா சுப்ராயா, புதுசக் கட்டிட்டுத்தானே பழச அறுக்கணும்? இடுப்ப வெறுமையா வெக்கலாமா? கட்டையில போறவனுக்குத்தான் அப்படி அறுப்பாங்க.”

“வெறும் கயிறுடா. எம் பொண்ணு சயன்ஸ் படிக்குது, அதுங்கிட்ட வந்து இதெல்லாம் பேசாத. சாயங்காலம் புதுசு வாங்கிக் கட்டிக்கிறேன்.”

சாயங்காலம் மறந்துவிட்டார். அதற்கு அடுத்த சாயங்காலமும். வினோதினிதான் அந்தக் கயிற்றில் விதையைக் கட்டினாள். வருடக்கணக்கில் வியர்வை ஏறி ஏறி விறைத்துப்போயிருந்த கயிறு. முடிச்சு போடும்போது அவர் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் கொடுமை.

லேபிலிருந்து நேரே உப்பளத்துக்குப் போனாள். ஈ.சி.ஆரில் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடக்க நடக்க, ரோட்டுச் சத்தம் தேய்ந்து, மோட்டார் கொட்டகையின் தடதடப்பும் தேய்ந்து, செருப்புக்கடியில் உப்பு நொறுங்குகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. எல்லாப் பாத்திகளிலும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கழிமுகத்துச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்து வந்து போனது. மூலைப் பாத்தியை நெருங்கியபோது அந்த வாடை நின்று, அப்பாவின் வியர்வை வாடை வந்தது. சட்டையில் இல்லாமல்போன வாடை.

கழியிலிருந்து இறங்கிய கயிற்றின் முனையில் படிகம் வளர்ந்திருந்தது. நீர் அசையவில்லை. அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

உப்பு கனசதுரமாகத்தான் வளரும். எந்தக் கடலில் எடுத்தாலும், எந்த நாட்டில் காய்ச்சினாலும் கட்டம் கட்டமாகத்தான் வளரும். உப்புக்கு வளைவு தெரியாது.

இது வளைந்திருந்தது. மெல்ல வளைந்து, முட்டி மடிந்து, முனையில் வழவழப்பாக ஒரு நகம் பதிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. கடைசியில் இருந்த சுண்டுவிரல் வெளிப்பக்கமாகத் திரும்பி நின்றது. மோட்டார் பெல்ட்டில் சிக்கி ஒடிந்து, கோணலாகச் சேர்ந்துபோன அப்பாவின் இடக்கைச் சுண்டுவிரல்.

எதை விதை என்று அவள் நினைத்திருந்தாளோ, அது விதை இல்லை. கயிறுதான் விதை.

அவள் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். உப்பு கிரீச்சிட்டது. கைப்பையில் செல்போன் அடித்தது.

“வினோ, ஓடியாடி. அப்பா கையப் புடிச்சிக்கிட்டுக் கத்தறாரு, ஒண்ணுமே புரியல,” என்றாள் அம்மா. போனுக்குள் அப்பா அலறுவது கேட்டது. வினோதினி கயிற்றை விட்டாள். அலறல் நின்றது.

அன்றைக்கே பக்கத்துப் பாத்திக்காரர் புது அரைஞாண் வாங்கி வந்து, மாரியம்மன் கோயில் விபூதியைத் தடவி, அப்பாவின் இடுப்பில் இறுக்கிக் கட்டினார். முடிச்சு அவிழ்ந்தது. இரட்டை முடிச்சு போட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனி பின்னால் நழுவி, நழுவி, கயிறு பாயில் விழுந்தது. பாத்திக்காரர் அதற்குப்பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. மூலைப் பாத்திப் பக்கமும் யாரும் போகவில்லை.

அப்பாவுக்குத் தலை நிற்கவில்லை. நடந்தால் சாய்ந்தார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

“சோடியம் ரொம்பக் கம்மியா இருக்கு. ஏத்த ஏத்த எறங்குது. எங்கதான் போவுதுன்னு பாத்துட்டிருக்கோம்,” என்றார் டாக்டர், ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. நல்ல மனிதர். வினோதினிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கே போகிறது என்று அந்த வார்டிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். தலைமாட்டில் தொங்குகிற பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கும்போதெல்லாம், அங்கே வரப்போரத்தில் ஒரு முழங்கை முடிந்து தோள் ஆரம்பிக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். படிகத்தை வடிகட்டி எடுத்துவிடு, மீந்த நீரைக் கொட்டிவிடு. ஒவ்வொரு செய்முறையின் கடைசி வரியும் இதுதான். கட்டிலில் படுத்திருப்பது இந்த இரண்டில் எது என்று அவள் யோசித்தாள்.

அவர் தோல் மெழுகுத்தாள் போல வெளிச்சத்தை உள்ளே விட ஆரம்பித்திருந்தது. கண் ஓரத்தில் நீர் கசிந்தது. அம்மா பார்க்காதபோது விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர்.

“நீ யாரு பாப்பா? யார் வூட்டுப் பொண்ணு?” என்றார் அப்பா, ரொம்ப மரியாதையாக.

அவள் வெளியே வந்து சுவரில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு கடையில் ஒரு புதுப் பிளேடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். படிகத்தைத் தொடக்கூடாது, தொட்டால் அவருக்கு வலிக்கும். கயிற்றை மட்டும் பக்குவமாக உருவி எடுத்துவிட்டால் விதை போய்விடும், வளர்வது நின்றுவிடும், மிச்சமிருக்கிற அப்பாவாவது மிஞ்சுவார். அது ஒன்றுதான் அவளிடம் இருந்த நம்பிக்கை. அதைப் பிளேடோடு சேர்த்துக் கைக்குட்டையில் மடித்து வைத்திருந்தாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உப்பளம் முழுக்க ரோஜா நிறமாகி, சாம்பல் நிறமாகி, கடைசியில் உப்பின் சொந்த வெளிச்சம் மட்டும் தரையில் கிடந்தது. காற்று நின்றது. ஒரு கொக்குகூட இல்லை. செருப்புச் சத்தத்தோடு வேறு ஒரு சத்தம் கேட்டது. உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி, மெதுவாக, இடைவிடாமல். நீரிலிருந்து உப்பு பிரிகிற சத்தம்.

குழியில் நீரே இல்லை. பாத்தியிலும் இல்லை.

வெள்ளையாக ஒரு ஆள் மல்லாந்து படுத்திருந்தார்.

விலா எலும்பு. தொப்புள். கணுக்காலில் பழைய வெட்டு. தாடையில் மூன்று நாள் தாடி, முடி முடியாக, உப்பு ஊசிகளாக. கயிறு இடுப்பைச் சுற்றி உள்ளே ஓடியது. ஆழத்தில். கண்ணாடிக்குள் இருப்பது போலத் தெரிந்தது. எடுக்க வேண்டுமென்றால் வயிற்றை உடைக்க வேண்டும்.

பிளேடு கையிலிருந்து விழுந்தது.

போன் அடித்தது.

“வினோ.” அம்மாவின் குரல் அம்மாவுடையதாக இல்லை. “அப்பா எங்கடி? இங்கதாண்டி படுத்திருந்தாரு. கையப் புடிச்சிக்கிட்டுத்தாண்டி இருந்தேன். பெட்டு பூரா தண்ணியா இருக்குது. சட்டை கெடக்குது. கைலி கெடக்குது. ஊசி அப்படியே தொங்குது... வினோ... நர்ஸு இன்னாமோ கேக்கறாங்கடி, நான் இன்னா சொல்லட்டும்?”

போன் உப்பில் விழுந்தது. அதற்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கொதிக்கிற சத்தம் நின்றது.

இமை பிரிந்தது. வெள்ளைக்குள் வெள்ளையாக ஒரு கண்.

“வினோ.”

அப்பாவின் குரல். கரகரப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். ஆஸ்பத்திரியில் யார் வீட்டுப் பெண் என்று கேட்டவர் இல்லை இது. இவருக்கு அவளைத் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்திருந்தது.

“தூக்கு பாப்பா. முதுகு அறுக்குது.”

அவள் பாத்திக்குள் இறங்கினாள். அக்குளுக்கடியில் கை கொடுத்தாள். கனமாக இருந்தார், சொரசொரப்பாக இருந்தார். இழுத்து வரப்பில் சாய்த்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தாவணி நூல் பிரிந்தது. கோணல் சுண்டுவிரல் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“ப்ராஜெக்டு முடிஞ்சிதா?” என்று கேட்டார்.

அப்போதுதான் அழுகை வந்தது. அடக்க நினைக்குமுன் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. அவர் கன்னத்தில்.

சொட்டு விழுந்த இடத்தில் கன்னம் இல்லை. சின்னத் துளை. ஓரம் வழவழவென்று உருகிக் கீழிறங்கியது.

அவருக்கு வலிக்கவில்லை போலிருக்கிறது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழாத பாப்பா.”

அவள் உதட்டைக் கடித்தாள். மூச்சைப் பிடித்தாள். முகத்தைத் திருப்பப் பார்த்தாள், அவர் பிடித்திருந்த கை விடவில்லை. கண்ணை இறுக மூடினாள். மூடிய கண்ணிலிருந்தும் வந்தது. ஒன்று. அடுத்தது. மடியில் ஏதோ ஈரமாக இளகி வழிந்தது.

“அழாத,” என்றார் அப்பா. இந்த முறை பாதி வாய்தான் இருந்தது.