ராஜாராமனை ஆஃப் பண்ணாதே!

ஃபோன் அலறியது.

"வாஞ்சி, உடனே வா. மாமாவைக் கொல்லப் போறா!"

டாக்குரியாவிலிருந்து மீனாக்ஷி மாமி.

"எந்த மாமா, மாமி?"

"எங்காத்துக்காரர்தான்."

கல்கத்தா பவானிபூரின் ஒரே தமிழ்த் துப்பறிவாளனான வாஞ்சிநாதன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். ராஜாராமன் மாமாவைப் போன வருஷம் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனவர்களில் அவனும் ஒருவன்!

போனான். மாமி மேஜை மேலிருந்த ஒரு செல்ஃபோனைக் காட்டி அழுதாள். மாமாவின் மருமான் சிவராம், கல்கத்தாவிலேயே பிறந்தவன், மாடி ஃப்ளாட்காரன், கம்ப்யூட்டர் புலி. மாமாவின் பழைய குரல் பதிவுகள், கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு ஏ.ஐ.க்குள் கொட்டி அவரைப் பேச வைத்துவிட்டானாம். அதற்கு இப்போது உணர்வே வந்துவிட்டதாம். இந்த ஃப்ளாட்டைச் சாயந்திரத்துக்குள் தன் பெயருக்கு எழுதித் தராவிட்டால் ஆஃப் பண்ணிவிடுவேன் என்கிறான். உணர்வு உள்ளதை ஆஃப் பண்ணினால் கொலைதானே மாமி, என்று வேறு கேட்டிருக்கிறான்.

பணயக் கைதி வழக்கு! கைதிக்கு உயிர் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி!

இதுவரை வாஞ்சியின் மாபெரும் சாதனை, கரியாஹாட் மாப்பிள்ளை ஒருவனின் தலைமுடி விக் என்று கண்டுபிடித்தது. அதுவும் காற்றடித்ததால்.

ஃபோன் பக்கம் குனிந்தான். "நீங்க மாமாவா... மிஷினா?"

"பயமா இருக்குடா வாஞ்சி... மிஷினுக்குப் பயம் வருமா?"

அதே குரல்! விஞ்ஞானிகளே அடித்துக்கொள்ளும் கேள்வியை பி.காம். அரியர்ஸ்காரனிடம் கேட்டால்...?

குறுக்கு விசாரணை மத்தியானம் வரை நீண்டது. எதற்கும் குரல் அசரவில்லை. கடைசியில் கொட்டாவி விட்டது.

"கண்ணைச் சொக்கறது மீனா... அப்புறமாக் கூப்பிடு."

மாமி நிமிர்ந்தாள். "பார்த்தியா? தினம் இப்படித்தான். உயிரில்லாததுக்குத் தூக்கம் வருமா?"

உயிரோடு இருந்தபோதும் பகலில் தூங்குவாரா என்று கேட்டான்.

"பேங்க் ஆபீசர்டா, பகல்ல படுத்ததே இல்லை. போனப்புறம்தான் பெங்காலி ஆயிட்டார்."

வாஞ்சியின் மண்டைக்குள் பல்பு எரிந்தது. வாட் கம்மிதான். ஆனால் எரிந்தது!

மதியச் சோறு இறங்கினால் கல்கத்தா சாய்ந்துவிடும். 'பாத்-கூம்' என்பார்கள், சோற்றுத் தூக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்தவனால் அதை விடவே முடியாது.

செத்தவருக்கு ஏது சோறு?

மாடிக்குப் பாய்ந்தான். சினிமா பாணியில் கதவைத் தோளால் இடித்தான். கதவு பூட்டவே இல்லை. உள்ளே போய்க் குப்புற விழுந்தான்.

எதிரே சிவராம்! கழுத்தில் ஹெட்ஃபோன், வாயருகே மைக், தெருவுக்கே கேட்கும் குறட்டை. பக்கத்தில் காலித் தட்டு. பின்னால் வந்த மாமியின் கண்ணில் முதலில் பட்டது மீன் முள்.

"மீனா சாப்பிடறே, படவா?"

மோசடி இரண்டாவது குற்றமாகிவிட்டது.

உலுக்கி எழுப்பியதும் சிவராம் எல்லாவற்றையும் கக்கினான். மாமா குரலை வரவழைக்க ஒரு சாஃப்ட்வேர், பேச்செல்லாம் இவனுடையது.

"நிஜமாவே ஏ.ஐ. பண்ணினேன் மாமி. ஆனா நான்தான் மாமான்னு பொய் சொல்ல மாட்டேன்னுடுத்து. அதை வச்சுண்டு யாரை மிரட்டறது? அதான் நானே பேசினேன்."

"அதைப் போடு," என்றாள் மாமி.

தன் ஃபோனில் போட்டான். மாமி மெதுவாகக் கேட்டாள். "உள்ளே... இருக்கேளா?"

மாமாவின் குரல் நிதானமாக வந்தது. "நான் ராஜாராமன் இல்லை. எனக்கு உணர்வு இருக்கா இல்லையான்னும் தெரியலை. நீங்க என்ன நினைக்கறேள்?"

மாமியின் கண்கள் நிறைந்தன.

"வாஞ்சி... இவர்தான்டா!"

"மாமி, அதுவே இல்லைங்கறது..."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எதைக் கேட்டாலும் 'தெரியலை, நீ என்ன நினைக்கறே'தான்." மாமி சிவராம் பக்கம் திரும்பினாள். "ஃப்ளாட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இவரை ஆஃப் பண்ணிப் பாரு. கொலை கேஸ் போடறேன்."

வழக்கை உடைத்தவனை யாரும் பாராட்டுவதாகத் தெரியவில்லை. வாஞ்சி கனைத்துக்கொண்டு அந்த ஃபோன் பக்கம் குனிந்தான்.

"சார்... நான் நல்ல துப்பறிவாளன்தானே?"

"இல்லை," என்றது அது. "இதுல மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது."