ஒரே சுழலுக்கு இரண்டு நிறம்

"இது என் கேலக்ஸி இல்லீங்க!"

கவுன்டரில் விரித்த படத்தைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில், இயந்திரத்துக்குத் தாள் மாற்றிக்கொண்டிருந்த பிரிண்ட் கடைக்காரரே திடுக்கிட்டுத் திரும்பினார். வெளியே மத்தியான மழை கண்ணாடிக் கதவை அடித்துக் கொண்டிருந்தது.

"நல்லாப் பாருங்கம்மா. சுத்திக்கிட்டுதானே இருக்கு?"

சுழல் அதே சுழல்தான். பெரிய விண்மீன் மண்டலமும், அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி மண்டலமும் இருக்கின்றன. எல்லாம் சரி... ஆனால் அந்த நிறம்! சுழலின் கைகள் நெடுக, செக்கச்செவேலென்று திட்டுத் திட்டாய்ப் புள்ளிகள். பார்த்த மாத்திரத்தில் கண் கூசியது.

"யாரோ கலர் டப்பாவைக் கவுத்துட்டாங்க சார். கேலக்ஸிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு!"

"அந்த டப்பா என்னோடதுங்க."

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். அவள் திரும்பினாள்...

நனைந்த தலைமுடி. இமை நுனிகளில் இறங்கலாமா வேண்டாமா என்று தயங்கும் இரண்டு மழைத்துளிகள். அவற்றுக்குக் கீழே, கோபமா குறும்பா என்று காட்டிக்கொடுக்காத கண்கள். 'ஐயோ... இந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரனையா திட்டித் தொலைச்சேன்?'

கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருந்த காகிதக் குழலிலிருந்து அவன் ஒரு படத்தை உருவினான்.

"அப்போ இது உங்களோடதா? பிரிண்டர்ல மை தீர்ந்துபோச்சோன்னு நெனச்சேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. "மை தீரல. அது அடக்கம். உங்களுக்கு அது பழக்கமில்லாத சரக்குன்னு தெரியுது."

"அடக்கமா... அடக்கமே பண்ணிட்டீங்களே அந்தக் கேலக்ஸியை!"

சண்டைக்குப் போனவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக் கொள்ள வேண்டியதாயிற்று.

மழை விடுவதாக இல்லை. இருவரும் கடை வாசலில், தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள். இரண்டு குழல்கள், ஒரு முழ இடைவெளி. சும்மா நிற்க முடியாமல் அவள்தான் முதலில் பேசினாள். மொட்டை மாடியில் பதினோரு இரவுகள் எடுத்த படங்கள் இவை. நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தாலும், கேமரா தருவது கிட்டத்தட்ட ஒரு கறுப்புத் தாள்தான். அதற்குள் ஒளிந்திருப்பதை எவ்வளவு வெளியே இழுப்பது, வானத்தை எவ்வளவு இருட்டாய் விடுவது, எந்த நிறத்தை எத்தனை ஏற்றுவது என்பதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் மனசு.

"எனக்கு மென்மையா இருக்கணும். பட்டும் படாம. இழுக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே கையை எடுத்துடுவேன்," என்றாள்.

"எனக்கும் அப்படித்தான்," என்றான் அவன்.

அவள் அவனுடைய குழலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

அவன் மழையைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பின் ஓரத்தில் என்னவோ ஒன்று ஒளிந்துகொண்டது. அவள் கவனிக்கவில்லை, கன்னத்தில் விழுந்த குழியைக் கவனித்துக் கொண்டிருந்தாள்.

அவன் அடுத்த தெருக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துபவன். அவள் பல் கட்டும் கூடத்தில் செயற்கைப் பற்கள் செய்பவள். பல்லுக்கு மட்டும் பதினாறு வகை வெள்ளை உண்டு. நிற அட்டையைப் பார்க்காமலே பிரித்துச் சொல்வாள். அந்தக் கண்ணைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

"ஞாயித்துக்கிழமை நூலகத்துல வான்நோக்குச் சங்கத்துக் கண்காட்சி... வருவீங்கல்ல?" என்று அவன் கேட்கும்போதே மழை சட்டென்று விட்டது.

பாழாய்ப்போன மழை... இன்னும் கால் மணி நேரம் பெய்தால் குறைந்தா போகும்?

அன்று சாயங்காலம் அக்காவிடம் நடந்ததை எல்லாம் கொட்டினாள். துணி மடித்துக்கொண்டே கேட்ட அக்கா கண்ணைச் சிமிட்டினாள்.

"அவன் கண்ணு, நீ பல்லு. கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்னு சண்டை போடத்தான்டி பொருத்தம்!"

"சும்மா இருக்கா... அவனுக்கு ரசனையே இல்ல."

"ரசனை இல்லாதவனைப் பத்தி முக்கால் மணி நேரமாப் பேசிட்டிருக்கே. நான் கடிகாரத்தைப் பாத்துட்டுதான் இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை நூலகத்து மாடிக் கூடம் நிரம்பி வழிந்தது. ஒரே மண்டலம் என்பதால் இருவர் படத்தையும் அடுத்தடுத்து மாட்டியிருந்தார்கள். அவன் தங்கையோடு வந்திருந்தான். அவளைக் கண்டதும் அவன் கண்களில் ஒரு விளக்கு எரிந்தது... அவள் நெஞ்சுக்குள்ளும்தான்.

ஆனால் வந்தவர்களெல்லாம் அவன் படத்தின் முன்னால்தான் மொய்த்தார்கள். அவளுடையதைப் பார்த்த ஒரு பெரியவர், "இது சரியா வரல போல" என்று உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்தார். பதினோரு இரவு... ஒரு உச்சுக்கொட்டு! அவள் முகம் சுண்டிப் போனது.

அந்த நேரம் பார்த்துச் சங்கச் செயலாளர் பத்துப் பேரோடு வந்து நின்றார். "ஒரே கேலக்ஸி. ரெண்டு பேர். ஏன் இவ்வளவு வித்தியாசம்? நீங்களே சொல்லுங்களேன்."

அவள் நாக்கு முந்திக்கொண்டது. "ரொம்பச் சின்ன வித்தியாசம்தாங்க. எனக்கு நிறம் தெரியும். அவருக்குத் தெரியாது!"

கொல்லென்று சிரித்தார்கள் எல்லோரும்.

அவன் முகத்திலும் சிரிப்பு இருந்தது. நிறுத்திய மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்வதுபோல அது மெல்ல ஓய்ந்தது. கூட்டம் நகரும்வரை பொறுத்திருந்தான். பிறகு படத்தின் நான்கு ஊசிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். படத்தைத் தங்கையிடம் கொடுத்தான். படியிறங்கிப் போனான்.

'இதுக்குப் போயா? ஒரு கேலி தாங்காதா?' என்று அவள் வீம்பாக நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அவள் கண் படிக்கட்டை விட்டு நகரவில்லை...

தங்கைதான் அருகில் வந்தாள். "தெரியாமதான் சொன்னீங்கன்னு எனக்குப் புரியுதுக்கா. ஆனா அது நிஜம். அண்ணனுக்குப் பொறந்ததுலேர்ந்தே சிவப்பும் பச்சையும் தெரியாது."

அவள் கண் சுவரில் மிஞ்சிய நான்கு ஊசித் துளைகளுக்குப் போனது.

"ரயில் ஓட்டணும்னு பைத்தியமா இருந்தான். பரீட்சையெல்லாம் பாஸ். கடைசியில கண் பரிசோதனை. புள்ளிப் புள்ளியா ஒரு புத்தகம் காட்டுவாங்களே... நமக்கெல்லாம் அதுல எண் தெரியும். அவனுக்கு வெறும் புள்ளி. வெளிய அனுப்பிட்டாங்க. அன்னையிலேர்ந்து வீட்டுல யாரும் அந்தப் பேச்சையே எடுக்கிறதில்ல." தங்கை கையிலிருந்த படத்தைச் சுருட்டினாள். "நட்சத்திரம் பொறக்கிற இடமெல்லாம் சிவப்பா இருக்கும்னு படிச்சிருக்கான். அவனுக்கும் கொஞ்சமாவது ஏதோ தெரியணும்ல... தெரியுற வரைக்கும் ஏத்திட்டே இருப்பான். பாவம்க்கா."

வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா விஷயத்தைக் கேட்டாள். வழக்கமான கேலி எதுவும் வரவில்லை. "போய் மன்னிப்புக் கேளு" என்று மட்டும் சொன்னாள்.

கேட்கலாம். கேட்டால் அவன், 'பரவாயில்லீங்க' என்பான். அதோடு முடிந்துவிடும். அந்த 'பரவாயில்லீங்க'வை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். சங்கத்துக் குழுவில் அவன் போட்டிருந்த படத்தை இறக்கினாள். அவள் படம் திருத்தும் மென்பொருளில், நிறம் பிரித்தறியாத கண்ணுக்கு ஒரு படம் எப்படித் தெரியும் என்று காட்டும் வசதி ஒன்று உண்டு. இத்தனை நாளில் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. இன்று தொட்டாள்.

முதலில் தன் படத்தைப் போட்டாள். அவள் பார்த்துப் பார்த்து வைத்த இளஞ்சிவப்பெல்லாம் காணாமல் போயிற்று. மிஞ்சியது சாம்பல். 'மை தீர்ந்துபோச்சோன்னு நெனச்சேன்'... அவன் கேலி செய்யவில்லை. கண்டதைச் சொல்லியிருக்கிறான்!

அடுத்து, அவன் படம்.

திரை மாறியது.

அந்த அம்மைப் புள்ளிகளைக் காணோம். கூச்சல் முழுக்க அடங்கிவிட்டது. வெளிர்ந்த நடுப்பகுதி, அதிலிருந்து மெல்லப் பிரியும் கைகள், கைகளின் மேல் இருக்கிறதா இல்லையா என்று தயங்கும் இளம் ஒளித்திட்டுகள்... பட்டும் படாமல். இழுக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே கையை எடுத்தது போல.

பக்கத்தில் தன் படத்தை மீண்டும் பழைய நிறத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றைப் போலவே மற்றது.

'எனக்கும் அப்படித்தான்' என்றானே... பொய்யே சொல்லவில்லை அவன். அவள் கண்கள் தளும்பித் திரையெல்லாம் கலங்கலாயிற்று.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள். அவன் லென்ஸ் ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையைத் தாழ்த்தினான்.

"தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டாளா?"

"ம்..."

"பரிதாபப்பட்டு வந்திருந்தீங்கன்னா தயவுசெஞ்சு போயிடுங்க. நீங்க பண்ணின கேலியைத் தாங்கிடுவேன். இதைத் தாங்க மாட்டேன்."

"பரிதாபப்படுற மூஞ்சியாங்க இது? ராத்திரி பூரா அழுத மூஞ்சி." அவள் மடிக்கணினியை அவன் மேசையில் வைத்துத் திறந்தாள். "நான் பேசினது தப்பு. பத்துப் பேர் முன்னாடி பேசினது பெரிய தப்பு. அதை அதே பத்துப் பேர் முன்னாடி சொல்லவும் தயார். இப்போ இதை மட்டும் பாருங்க. ரெண்டு படம் இருக்கு. எது நல்லா இருக்கு?"

அவன் மனமில்லாமல் குனிந்தான். இடது பக்கம் அவன் எடுத்த செக்கச்செவேல் படம். வலது பக்கம் அதே படம், அவன் கண்ணுக்குத் தெரிகிறபடி மாற்றியது. அவன் இங்குமங்கும் பார்த்தான். புருவத்தைச் சுருக்கினான்.

"என்ன விளையாட்டு இது? என் படத்தையே ரெண்டு தடவை வெச்சிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் மேசையைச் சுற்றிப் போய் அவன் அருகில் நின்றாள்.

"உங்களுக்கு ஒண்ணு... எனக்கு வேற வேற. வலது பக்கம் இருக்கிறதுதான், நீங்க பார்க்கிறது எனக்குத் தெரியுற விதம். நேத்துதான் முதல்தடவையா உங்க படத்தை உங்க கண்ணால பாத்தேன்." விரலால் திரையைத் தொட்டாள். "அது அப்படியே என்னோடது மாதிரி இருக்குங்க. நான் எங்க கையை எடுத்தேனோ அங்கயே நீங்களும் எடுத்திருக்கீங்க. உங்களுக்கு ரசனை இல்லைன்னு ஊரெல்லாம் சொன்னேன்... என் ரசனையே உங்ககிட்டதான் இருக்கு."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

"இத்தனை வருஷத்துல... நான் தப்பாப் பாக்கிறேன்னு சொன்னவங்கதான் இருக்காங்க," என்றான் மெதுவாக. "நான் என்ன பாக்கிறேன்னு யாரும் வந்து பாத்ததில்ல."

தெருவில் ஒரு பேருந்து போனது. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டங்கள் லேசாக அதிர்ந்து அடங்கின.

"ஒண்ணு கேக்கலாமா?" அவன் குரல் இறங்கியது. "கேட்டுட்டு அவமானப்படக் கூடாதேன்னு பயம். மத்தவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. பொண்ணுங்க முகம் சிவக்குமாம்... அதைப் பாத்தே பிடிச்சிருக்கா இல்லையான்னு புரிஞ்சுப்பாங்களாம். எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க முகத்துல என்ன எழுதியிருக்குன்னுதான் என்னால படிக்க முடியல."

அவள் தலை குனிந்தாள். எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் பேசமாட்டாள்; முகமே பேசிவிடும் என்று விட்டுவிடுவாள். அவளுக்கு அது வாய்க்கவில்லை. வெட்கத்தை மென்று விழுங்கிக்கொண்டு, அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"சிவந்திருக்குங்க."

"நிஜமாவா?"

"நிஜமா."

"எவ்வளவு...?"

"காது வரைக்கும்..."