இருவருக்கான வீடு

கேரவனின் வாசல் பக்கம் மெல்லத் தாழ்ந்தது. யாரோ உள்ளே ஏறும்போது தாழுமே, அதே மாதிரி. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே, "செருப்பைக் கழட்டிட்டு வாங்க, இப்பதான் துடைச்சேன்" என்றாள். செருப்புக் கழலும் சத்தம் கேட்காமல் கண்ணைத் திறந்தாள். தலைமாட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். ஏரிக்கரைக் குழாயடியில் அவள் கணவர் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்.

உள்ளே யாரும் இல்லை. ஆனால் தரை இன்னொரு முறை அசைந்தது, அடுப்புப் பக்கமாக.

காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு அது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவரும், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளும், இருந்த வீட்டை விற்றுவிட்டு ஊர் ஊராகச் சுற்றுவதற்காக வாங்கியது. மகள் தலையிலடித்துக்கொண்டாள். இவர்கள் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்கள். சக்கரத்தின் மேல் நிற்கும் வீட்டில் ஒருவர் நடந்தால் மற்றவர் கட்டிலில் ஆட வேண்டும். அவர் தண்ணீர் குடிக்கப் போகிறாரா, சட்டை எடுக்கப் போகிறாரா என்பதைக்கூட அவள் முதுகே சொல்லிவிடும். இது அவர் நடை இல்லை. ஒரு காலை வைத்து, நிதானித்து, அடுத்த காலை இழுத்து வைக்கும் நடை. ஆபரேஷன் முடிந்த நோயாளியை அவள் எத்தனையோ முறை அக்குளில் கை கொடுத்து அப்படி நடத்திக் கூட்டிப் போயிருக்கிறாள்.

"எலியா இருக்கும்" என்றார் அவர், அவள் சொன்னதைக் கேட்டு.

"எலி நடந்தா வீடு சாயுமா?"

"நீ சமைச்சதைத் தின்னிருக்கும். அதான் தள்ளாடுது."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்த இடத்திலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடற்கரையோரம் நிறுத்தினார்கள், காற்று சரியில்லை என்றாள். பழத்தோட்டத்துக்குள் நிறுத்தினார்கள், மூட்டையைக்கூடப் பிரிக்காமல், கிளம்பலாம் என்றாள். எங்கே போனாலும் அலமாரிக்குள் ஈரக் கம்பளியின் வாடை அடித்தது. பகலில் அவர் வெளியே போயிருக்கும் நேரங்களில், அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, தரை கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் சரிந்து, அவளுக்கு எதிரே வந்து நின்றுவிடும். குனிந்து பார்ப்பது போல இருக்கும்.

காரும் திணறத் தொடங்கியது. பாரம் அதிகம் என்று அவர் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிப் போட்டார். பிறகு தையல் மெஷினை, பிறகு புத்தகப் பெட்டியை. கார் இன்னும் அதிகமாகத் திணறியது. ஒரு நாள் கேரவன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, நசுங்கிக் கிடந்த டயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து அவர் கேலி பேசுவதை விட்டுவிட்டார். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

மலைப்பாதையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. மாலை வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. இருவரும் முன்சீட்டில். திடீரென்று காரின் பின்புறம் இடப்பக்கம் இழுத்தது. பிறகு வலப்பக்கம். ஸ்டியரிங்கைப் பிடித்த அவர் கைகள் வெளுத்திருந்தன.

"பின்னாடி யாரோ நடக்கறாங்க" என்றார். அவரே சொன்னார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "இத்தனை நாளா நான் அதைத்தானே சொன்னேன்."

"எனக்கும் தெரியும். நீ பயப்படுவியேன்னுதான்..."

மறுபடி இழுத்தது. சக்கரம் பள்ளத்தின் விளிம்பு வரை போய்த் திரும்பியது. ஒரு வளைவில் ஓரம் கட்டினார். இறங்கி, கொட்டும் மழையில், கேரவனைக் காரோடு மாட்டியிருந்த கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"வீடுங்க அது. நமக்கு வேற என்ன இருக்கு?"

"நீ இருக்க. கல்லு எடுத்துட்டு வா."

அவள் எடுத்து வந்தாள். சக்கரங்களுக்கு அடியில் கற்களை முட்டுக் கொடுத்தார்கள். குனிந்திருந்த அவள் முகத்துக்கு நேரே சுவர் அசைந்தது. உள்ளே ஒரு காலடி. நின்றது. இழுபட்டது. வாசலை நோக்கி.

"வாங்க. போதும். வாங்க!"

ஓடினார்கள். கார்க் கதவு அறைந்து மூடியது. கார் துள்ளிக் கிளம்பியது.

எவ்வளவு லேசாக ஓடியது! மேட்டில் கார் வழுக்கிக்கொண்டு ஏறியது. அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். மகள் வீட்டுக்குப் போய்விடலாம், அவள் திட்டட்டும், வயிறாரத் திட்டட்டும் என்றாள்.  அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார். அவர் கண் சாலையில் இல்லை. மேலே இருந்த கண்ணாடியில் இருந்தது.

"என்னங்க?"

"திரும்பாத."

திரும்பினாள்.

மேடு. செங்குத்தான மேடு. நனைந்த சாலை.

அதில் கேரவன் ஏறி வந்துகொண்டிருந்தது. இழுக்க எதுவும் இல்லாமல். முன்னால் நீண்டிருந்த இரும்புக் கம்பி தார்ச்சாலையை உரச, பொறி பறந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அவர் வேகத்தைக் கூட்டினார். அதுவும் கூட்டியது. ஒவ்வொரு வளைவிலும் அவர் திருப்பியது போலவே திரும்பியது.

உள்ளே விளக்கு எரிந்தது. யாரோ ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கினார்கள்.

பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே, கதவு அகலத் திறந்து அவர்களுக்காகக் காத்து நின்றது.