மூன்று அசல்கள்

காலை எட்டு மணிக்குச் சுடலைமணி துறைமுக அலுவலகத்தின் கவுண்டரைத் திறந்து, முத்திரையை ஒரு பழைய தாளில் குத்திப் பார்த்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் நார்வே கப்பல் துயில்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. விமானங்கள் நின்று இருபது வருடம். வெளிநாடு போன கூலிகள் உறைதூக்கத்தில், பெட்டிக்குள் படுத்தபடியே ஊர் திரும்புகிறார்கள்.

முதல் ஆளாக நின்றவள் ஜெசிந்தா. கையில் கப்பல் ரசீது.

"பெட்டி நானூத்திப் பன்னெண்டு, அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு தொபியாஸ். ஒம்பது வருசம் கழிச்சு வாராரு."

சுடலைமணி தாளைப் புரட்டினார். பின்பக்கம் தொபியாஸின் கையெழுத்து மட்டும். யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதவில்லை. யாருமே எழுதுவதில்லை, கையெழுத்துப் போடு என்றால் போட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ரசீதை யார் நீட்டினாலும் பெட்டி அவருக்குத்தான்.

"ஜெராக்ஸ் ரெண்டு வேணும்மா."

"இத வாங்கிக்கிடுங்க, பெறவு எடுத்துத் தாரேன்."

"ஒம்பது வருசம் பொறுத்தீங்க, ஒம்பது நிமிசம் பொறுக்க மாட்டீங்களோ?"

அவள் வெட்கத்தோடு சிரித்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே இருந்த கடைக்கு ஓடினாள்.

அடுத்து வந்தவர் ஆள்பிடி முகவர் ராஜபாண்டி. அவர் நீட்டியதும் நானூற்றுப் பன்னிரண்டின் ரசீதுதான். அதே கையெழுத்து. கூடவே இரண்டு நகல். ஒரு பெட்டிக்கு மூன்று அசல்கள் உண்டு. 'பத்திரமாக இருக்கட்டும்' என்று முகவர்கள் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். முதலில் நீட்டப்படுவது செல்லும். மற்ற இரண்டும் செல்லாது.

"இப்பதான் அவரு சம்சாரம் வந்துட்டுப் போச்சு."

"வரட்டும். என் தாள்ல தப்பு இருக்கா?"

"இல்ல."

"பெறவென்ன?"

சுடலைமணி முத்திரை குத்தினார்.

ஜெசிந்தா வர முக்கால் மணி நேரமானது. கடையில் கரண்ட் இல்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு அவர் விஷயத்தைச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே பளுதூக்கி இயந்திரம், ராஜபாண்டி பிடித்த அடுத்த கூலி வேலைக்காக நானூற்றுப் பன்னிரண்டைச் சிலிக்குப் போகும் கப்பலில் இறக்கிக்கொண்டிருந்தது.

"எழுப்பாமலா?"

"எழுப்பினா ஆளு. எழுப்பாத வரைக்கும் சரக்கு."

அவள் ஜன்னலையே பார்த்தாள்.

"கண்ணு முழிச்சதும் நம்ம ஊருன்னுல்லா நெனப்பாரு. என்னயத் தேடுவாரே, அண்ணாச்சி."

ஜெராக்ஸ் வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. அது அலுவலக வழக்கம். சுடலைமணி அவளுடைய அசலில் 'செல்லாது' என்று குத்தினார். நகல்கள் இன்னும் சூடாக இருந்தன. அவற்றையும் வாங்கிக் கோப்பில் வைத்தார்.