ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு கைதட்டல்!

காலை பத்து இருபதுக்கு அந்த ஃபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஸ்வர்ணலதா வாய் வரைக்கும் கொண்டுபோன இட்லித் துண்டைத் தட்டிலேயே போட்டாள். போலீஸ் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சூடான இட்லிக்குக் கொடுத்துவைக்காத ஜன்மம்!

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷன்."

"மேடம்... எங்கப்பாவைக் கொன்னுட்டான் மேடம்!"

"பதறாதீங்க. யாரு நீங்க? எங்கேர்ந்து பேசறீங்க?"

"என் பேர் ஹம்சா. சித்திரைக்குளம் பக்கத்துல எங்காம். அப்பா ஸ்பீக்கருக்குப் பின்னால விழுந்து கெடக்கறார்... கரண்ட் அடிச்சிருக்கு. இது அந்த சக்திவேல் பண்ணின வேலைதான்!"

"யாரது சக்திவேல்?"

"பழைய ஸ்பீக்கர் வியாபாரி. ராயப்பேட்டைல கடை. காலம்பற வந்து அப்பாவோட பெரிய சண்டை போட்டுட்டுப் போயிருக்கான்!"

ஏழாவது நிமிஷம் ஜீப் அந்த வீட்டு வாசலில் நின்றது.

ஹாலில் ஒரு சோபா. அதற்கு எதிரே, சுவர் ஓரமாக இரண்டு ஸ்பீக்கர்கள். ஸ்பீக்கர் என்று சொன்னால்தான் தெரியும். இடுப்பு உயரத்துக்கு, இரும்பு வலை போட்ட இரண்டு தட்டிகள்... அவ்வளவுதான்.

"இன்னா மேடம் இது, ரூம் ஹீட்டர் கணக்கா கீது?" என்றார் ஏட்டு மெஹபூப் அலி. "மெட்ராஸ்ல எவன் ரூம் ஹீட்டர் வாங்குவான்?"

இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் ராமானுஜம் குப்புறக் கிடந்தார். அறுபத்தெட்டு வயது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஸ்பீக்கரின் பின்மூடி கழன்றிருந்தது. வலது கை இன்னும் உள்ளேயே இருந்தது.

ஹம்சா அழுதுகொண்டே சொன்னாள்.

"அறுபது வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல பண்ணின ஸ்பீக்கர் மேடம். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கரண்ட் குடுக்கணும். உள்ள ஆயிரக்கணக்குல வோல்ட் ஓடும். இடது பக்கத்துல சத்தம் வர்ற ஒரு பேனல் செத்துப்போச்சு. அதை மாத்தறதுக்குத்தான் அப்பா திறந்திருக்கார்."

"கரண்ட்டை எடுக்காமலா திறந்தார்?"

"அப்பாவா? பிளக்கைப் பிடுங்காம ஒரு ஸ்குரூவைத் தொட மாட்டார் மேடம்!"

ஸ்வர்ணலதா சோபா பக்கம் வந்தாள். அங்கேதான் ஸ்விட்ச் போர்டு. ஒரு பிளக் பிடுங்கித் தரையில் கிடந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போனாள்.

அது வலது ஸ்பீக்கரின் பிளக்!

இடது ஸ்பீக்கரின் பிளக் போர்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"போன வாரம் ரெண்டு பிளக்கையும் மாத்தினது அந்த சக்திவேல்தான் மேடம்" என்றாள் ஹம்சா. "அஞ்சு வருஷமா இந்த ஜோடி மேல அவனுக்கு ஒரு கண்ணு. அவனை விடாதீங்கோ!"

"வீட்டுல வேற யாரு இருந்தாங்க?"

"அம்மா மட்டும்தான். அவ மெசேஜைப் பார்த்துட்டுத்தான் நான் ஓடி வந்தேன். அவளால பேச முடியாது மேடம். ஆறு வருஷம் முன்னாடி தொண்டையில ஆபரேஷன். அவளை ஒண்ணும் கேக்காதீங்கோ, ப்ளீஸ்..."

உள் அறையில் ஜானு மாமி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ரூல்டு நோட்டும் பேனாவும். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கேள்வி கேட்க வந்த ஸ்வர்ணலதா வாசலிலேயே நின்றுவிட்டாள். பாவம், அழுவதற்குக்கூடக் குரல் இல்லாத பிறவி!

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

---

பிற்பகல் இரண்டு மணி.

ஸ்டேஷன் பெஞ்சில் சக்திவேல் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தைந்து வயது. விரல் இடுக்கெல்லாம் ஃபெவிகால் காய்ந்த தடம். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அழுதா விட்டுடுவேனா?" ஸ்வர்ணலதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சாயங்காலம் உன்னை ஜட்ஜ் முன்னாடி நிறுத்தப் போறேன். கொலை கேஸ். தெரியுமில்ல?"

"மேடம், அவர நான் ஏன் மேடம் கொல்லணும்? பதினெட்டு வருசமா அவராண்ட ஸ்பீக்கர் மாத்திக்கினு கீறேன். அவரு குடுப்பாரு, நான் குடுப்பேன். சண்ட போடுவோம்... மறுநாளே காபி குடிப்போம்."

"காலைல எதுக்கு சண்டை?"

சக்திவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுய்யா!"

"ஒரு டேப் மேட்டரு மேடம்..."

"என்ன டேப்?"

"அந்த இடது பக்கத்துக்கு ஒரு பேனல் அடையாறுல ஒரு பங்களாவுல மாட்டிச்சி. எங்க தொழில்ல துட்டுக்கு மேல மாத்துதான், பொருளுக்குப் பொருளு. 'இன்னா சார் குடுப்பே?'ன்னேன். பழைய ஸ்பூல் டேப்பு ஒரு பொட்டி நெறைய குடுத்தாரு. அத்த பார்ட்டிங்க வாங்கி, பழச அழிச்சிட்டு, புதுசா ரெக்கார்டு பண்ணுவாங்க."

"சரி?"

"அதுல ஒரு டப்பா மேல 'ஜானு'ன்னு எழுதியிருந்திச்சி. 'சார், இது அம்மா பேராச்சே'ன்னேன். 'டேப் நல்ல டேப், எடுத்துண்டு போ'ன்னாரு. நானும் வித்துட்டேன்."

"அதுல என்ன இருந்தது?"

சக்திவேல் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அத்த வாங்குன பார்ட்டி நேத்து போன் பண்றான். 'அண்ணே, அதுல ஒரு பொண்ணு இன்னாமா பாடிச்சி தெரியுமா'ன்றான். 'எங்கடா அது?'ன்னேன். 'அழிச்சிட்டேன்'றான்! கல்யாணத்துக்கு முந்தி அம்மா ஒரு சபாவுல பாடுன கச்சேரி மேடம். ஒரே ஒரு காப்பி. அதுக்கப்பால அவங்க மேடை ஏறவேயில்லயாம். இப்போ தொண்டையும் போச்சு. அவங்க கொரலுன்னு இந்த உலகத்துல இருந்ததே அது ஒண்ணுதான்!"

மெஹபூப் அலி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அதான் காலைல போய் கத்துனேன். 'எப்டி சார் மனசு வந்துச்சி?'ன்னு கேட்டேன். 'அவளே பாடறதில்ல, டேப் எதுக்கு? பேனல் கெடைக்கறதே அபூர்வம்'னாரு. பேனல அங்கயே கடாசிட்டு வந்துட்டேன். தப்பு எம்மேலயும்தான் மேடம். பேரப் பாத்துட்டும் வித்தேனே..."

கொலைகாரன் இப்படி அழுவானா? ஸ்வர்ணலதாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது மேடம். அவங்க சமையல் ரூம்ல இருந்தாங்க."

"சரி. கோவத்துல போற போக்குல பிளக்கை மாத்திச் செருகிட்டுப் போயிட்டே. அப்படித்தானே?"

சக்திவேல் சட்டென்று நிமிர்ந்தான்.

"மேடம்! சார் பிளக்க புடுங்கினா ஒடனே கை வைக்க மாட்டாரு. உள்ள நிக்கிற கரண்ட்டு வடியணும். கரெக்டா அரை மணி நேரம், வாச்ச பாத்துக்கினே ஒக்காந்திருப்பாரு. அப்பறம்தான் பின்மூடியத் தொறப்பாரு. நான் கெளம்பும்போது மணி எட்டரை. அவரு எப்போ செத்தாரு?"

"மாமி பொண்ணுக்கு மெசேஜ் அனுப்பினது ஒன்பது நாற்பத்திரண்டு."

"அப்ப பிளக்க புடுங்குனது ஒம்போது பத்து வாக்குல மேடம். அந்நேரம் நான் மேற்கு மாம்பலத்துல ஒரு ஊட்ல ஸ்பீக்கர் தூக்கிக்கினு இருந்தேன். அந்தத் தெருவுல கேமரா கீது, பாருங்க!"

"அப்போ பிடுங்கினது யாரு? அவரேவா?"

"அவருக்கு முட்டி வலி. பின்னால ஒக்காந்துட்டார்னா எழுந்துக்க மாட்டாரு. அங்கருந்தே கொரல் குடுப்பாரு... 'லெஃப்ட்டைப் பிடுங்கு'ன்னு."

"யாருக்கு?"

சக்திவேல் விரலில் காய்ந்திருந்த ஃபெவிகாலைச் சுரண்டினான். பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் காபி குடித்தவன். எப்படிச் சொல்வான்?

ஸ்வர்ணலதாவே சொன்னாள்.

"மாமிக்கு."

---

மறுபடி அந்த வீட்டுக்குப் போய் ஹம்சாவின் ஃபோனை வாங்கிப் பார்த்ததில் விஷயம் பல்லிளித்தது.

காலை ஒன்பது பத்து. அப்பாவிடமிருந்து கால். நான்கு நிமிஷம் பேசியிருக்கிறாள்!

"இதை ஏன்மா சொல்லலே?"

ஹம்சா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பேசிண்டிருந்தார். நடுவுல 'ஜானு, லெஃப்ட்டைப் பிடுங்கு'ன்னார். 'பிடுங்கிட்டியா?'ன்னு கேட்டார். ஒரு கைதட்டல் கேட்டுது."

"கைதட்டலா?"

"அம்மா பேசறது அப்படித்தான். ஒரு தட்டு தட்டினா ஆமா. ரெண்டு தட்டினா இல்லை."

ஸ்வர்ணலதா மேஜை மேல் இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் சோபா. அந்தப் பக்கம் ராமானுஜம். சோபாவிலிருந்து பார்த்தால் இடது. பின்னாலிருந்து அவர் பார்த்தால் அதுவே வலது!

"அடக் கடவுளே... அவர் லெஃப்ட்னு சொன்னது சோபாவோட லெஃப்ட். மாமி அவரோட லெஃப்ட் கையை நினைச்சுக்கிட்டாங்க."

"ஆமா மேடம். ஆத்துக்கு வந்து பிளக்கைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுடுத்து. தன் கையாலதான் அப்பா போனார்னு தெரிஞ்சா அம்மா உயிரோடயே இருக்க மாட்டா. அதான்..."

"அதான், சக்திவேல் கழுத்துல கயிறு! அவனுக்குக் குடும்பம் இல்லையா? அவன் பொண்டாட்டி அங்க ஸ்டேஷன் வாசல்ல உக்காந்து தலையில அடிச்சுக்கிறாம்மா!"

ஹம்சா கதறி அழுதாள். திட்ட வந்த ஸ்வர்ணலதா ஒரு டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். இந்தப் பெண் அப்பாவைப் பறிகொடுத்த அன்றைக்கே அம்மாவையும் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். குற்றம்தான். ஆனால் யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அந்த நிமிஷத்தில் தடுமாறத்தான் செய்யும்.

"மெஹபூப் பாய், ஸ்டேஷனுக்குச் சொல்லி சக்திவேலை அனுப்பிடுங்க. விபத்துன்னு எழுதிக்கலாம்."

---

மாலை ஐந்து மணி. உள் அறை.

ஸ்வர்ணலதா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மாமிக்கு எதிரே உட்கார்ந்தாள். மெஹபூப் அலி கதவோரம் நின்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமி நோட்டை நீட்டினாள். முத்து முத்தான எழுத்து.

'சக்திவேல் ஒண்ணும் பண்ணலை. அவனை விட்டுடுங்கோ.'

"விட்டாச்சு மாமி. கவலைப்படாதீங்க. யார் மேலயும் தப்பில்ல. லெஃப்ட், ரைட் குழம்பறது சகஜம். போலீஸ் டிரில்லயே நான் எத்தனை தடவை குழம்பியிருக்கேன், தெரியுமா?"

மாமி அவளையே பார்த்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. ஃபார்மாலிட்டிக்காகத்தான். நீங்க தெரியாமதானே அந்த பிளக்கைப் பிடுங்கினீங்க?"

மாமி நோட்டை மூடி வைத்தாள். இரண்டு கைகளையும் தூக்கினாள்.

ஒரு தட்டு.

ஸ்வர்ணலதா பெருமூச்சுவிட்டு எழுந்திருக்கப் போனாள்...

இன்னொரு தட்டு!

பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள்.

"மாமி... ரெண்டு தட்டினா... இல்லைன்னு அர்த்தம்."

மாமி நோட்டைத் திறந்து நிதானமாக எழுதினாள்.

'நாப்பது வருஷமா இந்த ஆத்துல லெஃப்ட்னா சோபா லெஃப்ட்தான். எனக்கு ஒரு நாளும் குழம்பினதில்லை.'

"டேப் விஷயம்... உங்களுக்குத் தெரியுமா?"

'அந்தப் பிள்ளை அவ்வளவு சத்தம் போட்டான். எனக்குப் பேச்சுதான் போச்சு. காது நன்னாயிருக்கு.'

"அரை மணி நேரம் இருந்ததே மாமி!" ஸ்வர்ணலதா முன்னால் குனிந்தாள். "இன்னொரு தட்டு தட்டியிருந்தா அவர் நிறுத்தியிருப்பாரே!"

மாமி பக்கத்தைத் திருப்பினாள். எழுதினாள்.

'தட்டணும்னு ரெண்டு தரம் கையைத் தூக்கினேன். அவர் புது பேனலைத் துடைச்சிண்டே, "இனிமேதான் இந்த ஆத்துல ஒரு நல்ல குரல் கேக்கப் போறது"ன்னார். கையை இறக்கிட்டேன்.'

இப்போதுதான் மாமி அழுதாள். சத்தமே வரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. ஸ்வர்ணலதா சட்டத்தை எல்லாம் மறந்துவிட்டு அவளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மாமி சொன்னீங்க? விபத்துன்னு எழுதி முடிச்சுட்டேனே... ஒரு தட்டோட நிறுத்தியிருக்கலாமே!"

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியாக ஒரு வரி எழுதினாள்.

'இந்த ஆத்துல யாரும் என் எதிர்ல உக்காந்து என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. நீங்க கேட்டேள். பொய் சொல்ல மனசு வரலை.'

ஸ்வர்ணலதா நோட்டை வாங்கி மெஹபூப் அலியிடம் நீட்டினாள். அவர் நிதானமாக முழுவதையும் படித்தார். கர்ச்சீஃபால் மூக்கைச் சிந்தினார்.

"முப்பது வருச சர்வீஸ்ல எத்தினியோ வாக்குமூலம் கேட்டுக்கீறேன் மேடம்... இம்மாம் சுத்தமான சவுண்டுல ஒண்ணுகூட கேட்டதில்ல!"