பேஷண்ட் யாரு?

“கெளம்பு ஆரிபா! ஒன்னய டாக்டர்ட்ட காட்டியும் சரிப்படலேன்னா, வரும்போது சிங்கம்புணரியில ஒங்கம்மா வீட்டுலயே விட்டுட்டு வந்துருவோம்!”

விடிந்தும் விடியாததுமாக மாமியார் ரமீஜா போட்ட சத்தத்தில் ஆரிபாவின் தோசைக் கரண்டி அப்படியே நின்றது. அவள் செய்த குற்றம்? ராத்திரியெல்லாம் தூங்குகிற கணவன் கலீலை உலுக்கி உலுக்கி எழுப்புகிறாளாம். அவன் கடைக் கல்லாவில் தூங்கி விழுவதும், தொழுகையில் சஜ்தாவுக்குக் குனிந்தவன் அப்படியே குறட்டை விட்டதும் இவளால்தானாம்!

“அவுகளுக்கு மூச்சு நிக்கிது மாமி... அதான்...”

“மூச்சு நின்னவன் இம்புட்டுச் சத்தமாவா குறட்டை விடுவான்? அசந்து தூங்குற புள்ளைய எழுப்புறியே... ஓதின தண்ணி குடிச்சும் ஒனக்குத் தெளியலையே!”

“எனக்கு ஒண்ணுமில்ல ஆரிபா. நீதான் தூங்கவே மாட்டேங்குற” என்றான் கலீல், பரிதாபமாக.

அந்தப் பரிதாபம்தான் அவளைக் குத்தியது. ஒருவேளை கோளாறு தனக்குத்தானோ? நிற்காத மூச்சு நின்றதாகத் தோன்றுகிறதோ? யாருமே நம்பாத ஒன்றை ஒருத்தி மட்டும் எத்தனை நாள்தான் நம்புவாள்!

மதுரை ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். நாற்காலியில் உட்கார்ந்ததுமே கலீல் தூங்கிப்போனான். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி எழுந்த குறட்டை, திடீரென்று நின்றது. ஆரிபாவின் கை தானாக எழுந்தது. மாமியாரைக் கண்டதும் மறுபடி மடிக்கே போய்விட்டது.

அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. மூச்சு மட்டும் வரவில்லை.

“கலீலு... அடேய்!”

அலறியது ரமீஜா! உலுக்கியதும் அவள்தான். அவன் திணறிக்கொண்டு காற்றை இழுத்தான்.

சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்தார். “இதுல பேஷண்ட் யாரு?”

ரமீஜா மருமகளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விசாரித்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: “தூக்கத்துல தொண்டை அடைச்சு இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது. அதான் பகல்ல தூக்கம். பிரஷரும் ஏறும். ஒரு ராத்திரி இங்க படுக்க வச்சு டெஸ்ட் எடுக்கணும். அப்புறம் மூக்குல மாட்டிக்கிட்டுத் தூங்குற காத்து மெஷின் இருக்கு. அதுவரைக்கும் ஒருக்களிச்சுப் படுக்கட்டும். வண்டி ஓட்டக் கூடாது.”

“அப்ப இவளுக்கு?”

“இவங்க தூங்கினாப் போதும்மா.”

ரமீஜா ஆரிபாவைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். “எம்மகனக் காவல் காத்தவளையா தாயீ கிறுக்கச்சின்னு பேசுனேன்!”

ஆரிபாவுக்கு அழத் தோன்றவில்லை. தனக்குக் கிறுக்கு இல்லை என்பதே அப்போதுதான் மெல்ல மெல்ல விளங்கியது.

ஊர் திரும்பும் காரைக்குடி பஸ்ஸில் ரமீஜா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். “மெசின் வார வரைக்கும் நான் முழிச்சுக்கிறேன். நீ தூங்கு.”

மேலூர் வருமுன்பே ஆரிபா அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்தப் பக்கம் கலீலின் குறட்டை சட்டென்று நின்றது. ரமீஜா முழங்கையால் மகனை இடித்தாள்.

“மெல்ல எந்திரிடா... புள்ள முழிச்சுக்கிறப் போகுது!”